எட்டு மணிக்கு போன் எடுக்கிற அம்மாமார்

(லண்டனில் எங்கட வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கைப் பல இடங்களில் அப்படியே விட்டிருக்கிறோம்.)



முதலில் ஒரு கேள்வி. பத்து, பன்னிரண்டு வயதில் டொக்டரிட்ட அம்மாவுக்காகவோ தம்பி தங்கச்சிக்காகவோ மொழிபெயர்க்கப் போன ஆக்கள் இந்த அறையில் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கோ. சரி, எண்ணத் தேவையில்லை. முக்கால்வாசிப் பேர்.

அப்ப நான் கதைக்கப் போற விஷயம் உங்களுக்குப் புதுசில்லை. பிள்ளைக்குச் சுகமில்லாமல் வந்தால் அதை ஒரு டொக்டரிட்டக் காட்டுறது இந்த நாட்டில் எங்கட பெற்றோருக்கு ஏன் இவ்வளவு பதட்டமான காரியமாக இருக்கிறது? வழக்கமான பதில் ஒன்று இருக்கிறது. "அவைக்கு விளங்காது, சும்மா பயப்படுகினம்." நேர்ஸும் சொல்லுவா, பள்ளிக்கூட ரீச்சரும் சொல்லுவா, இங்க பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் வீட்டில் சொல்லுவினம். எனக்கு அந்தப் பதிலில் உடன்பாடு இல்லை. எங்கட அம்மாமாரின் பயம், இந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று சரியாக விளங்கிக்கொண்டதால் வந்த பயம். கதைக்கத் தெரிந்தவருக்குத்தான் கதவு திறக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். தங்களால் அப்படிக் கதைக்க ஏலாது என்பதும் தெரியும்.

காலமை எட்டு மணியை எடுங்கோ. ஜீபியின் போன் லைன் திறக்கிற நேரம். ஏழு ஐம்பத்தெட்டில் இருந்தே விரல் தயாராக நிற்கும். எட்டுக்கு அமத்தினால், "நீங்கள் இருபத்து மூன்றாவது ஆள்" என்று மெசின் சொல்லும். மூத்ததைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்த வேணும். அப்பா பெற்றோல் ஸ்டேசனில் இரவு வேலை முடிச்சு வந்து இப்பதான் படுத்தவர். மடியில் சின்னனுக்குக் காய்ச்சல் கொதிக்குது. முறை வரும்போது இண்டைக்குரிய அப்பொயின்ட்மென்ட் எல்லாம் முடிஞ்சுது, நாளைக்கு எட்டு மணிக்கு எடுங்கோ.

அப்படிச் சொல்லக்கூடாது. 2023இல் இங்கிலாந்தின் ஜீபி ஒப்பந்தத்திலேயே மாற்றம் வந்துவிட்டது. முதல் தரம் தொடர்புகொள்ளும்போதே தேவை என்ன என்று மதிப்பிட வேணும், அல்லது எங்கே போகவேணும் என்று வழிகாட்ட வேணும். இன்னொரு நாளைக்கு எடு என்று திருப்பி அனுப்பக்கூடாது. ஆனால் அந்த விதி இருக்கென்று தெரிந்து, அதை இங்கிலிஷில், கோபம் காட்டாமல், அழாமல், முப்பது செக்கனுக்குள் சொல்லக்கூடியவர் யார்? ஒன்லைனில் போம் நிரப்பலாம் என்கிறார்கள். அது வேலைக்குப் போற நேரத்தில் வரிசையில் தொங்காமல் இருக்க நல்லதுதான். ஆனால் அந்தப் போமும் இங்கிலிஷில் எழுதத் தெரிந்தவருக்கான வாசல்.

இடையில் ஒன்று சொல்லவேணும். றிசெப்ஷனில் இருக்கிற மனுசியைத் திட்டுறது எங்களுக்கு லேசு. அவவின் கையில் கொடுக்க அப்பொயின்ட்மென்ட் இல்லை. குறைந்த சம்பளத்துக்கு, ஆக்களின் கோபம் முழுக்க வாங்கிக்கொள்ள அந்தக் கதிரையில் இருத்தப்பட்டவ. ஈஸ்ட் ஹாமிலும் ஹரோவிலும் டூட்டிங்கிலும் அந்தக் கதிரையில் எங்கட அக்காமாரும் இருக்கினம். கோபத்துக்குரிய இடம் அதற்கு மேலே.

வேல்ஸில் ஒரு நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில் வேலை செய்த ஜூலியன் ரூடர் ஹார்ட் என்ற டொக்டரைப் பற்றி சில பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். கம்யூனிஸ்ட். 1971இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அதன் சாரம்: நல்ல வைத்தியம் எந்த மக்களுக்கு அதிகம் தேவையோ, அந்த மக்களுக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கிறது, சந்தை எவ்வளவு உள்ளே வருகிறதோ, அவ்வளவுக்கு இது மோசமாகிறது. இதைத் 'தலைகீழ் பராமரிப்பு விதி' என்றார். ஐம்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. விதி இன்னும் விதியாகவே இருக்குது.

இனி மொழி. இதில்தான் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

நான் துணைக்குப் போய்வருகிற ஒரு குடும்பம். ஊர், பேர் வேண்டாம். கைக்குழந்தைக்கு இரண்டு நாள் காய்ச்சல், சத்தி. அம்மாவுக்கு இங்கிலிஷ் கொஞ்சம்தான். பதினொரு வயது மகள் போனில் கதைக்கிறாள். அம்மா பக்கத்தில் நின்று சொல்லுறா: "தம்பி சோர்ந்து கிடக்கிறான் எண்டு சொல்லு. கண் சொருகுது எண்டு சொல்லு. பால் எடுக்கிறானில்லை எண்டு சொல்லு." பிள்ளை சொல்லுறாள்: "ஹீ இஸ் டயர்ட். ஹீ இஸ் ஸ்லீப்பி. ஹீ டஸின்ட் வோன்ட் மில்க்."

ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் கேட்கிறவருக்கு என்ன விளங்கியிருக்கும்? காய்ச்சல் பிள்ளை களைத்து நித்திரை கொள்ளுது. கல்போல் குடுங்கோ, தண்ணி குடுங்கோ, நாளைக்குப் பாருங்கோ. தமிழில் 'கண் சொருகுது' என்று ஒரு தாய் சொன்னால் அது நித்திரை வருது என்ற அர்த்தமில்லை. எழுப்ப எழுப்ப எழும்பாமல் போகுது, பிள்ளை கைவிட்டுப் போகுது என்ற அர்த்தம். அது எந்த டொக்டரும் உடனே கொண்டுவா என்று சொல்லுகிற அறிகுறி. அம்மா சரியான சொல்லைத்தான் சொன்னா. அது போன் லைனுக்குள் போய் வேறொன்றாக வெளியில் வந்தது. அன்றிரவு ஏ அன்ட் ஈயில் அவனுக்குச் சேலைன் ஏற்றினார்கள். பிள்ளை தப்பிவிட்டான், இப்ப நடந்து திரியிறான்.

அந்தப் பெட்டைக்குத்தான் இன்னும் ஆறவில்லை. "நான் தானே பிழையாச் சொன்னனான்" என்று என்னிடம் கேட்டாள். பதினொரு வயது! கை தூக்கின உங்களில் எத்தனை பேர் இப்படியொரு கேள்வியை வைத்துக்கொண்டு வளர்ந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கு நான் சொன்னது: அது உன்ர வேலையே இல்லை. இங்கிலாந்தின் பொதுச் சுகாதார சேவை தன்னுடைய வழிகாட்டலிலேயே எழுதி வைத்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஒழுங்கு செய்ய வேண்டியது சேவையின் பொறுப்பு. பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக்கூடாது. அப்பொயின்ட்மென்ட் எடுக்கும்போதே "தமிழ் இன்டர்பிரிட்டர் பிளீஸ்" என்று சொன்னால் போதும். போனில்கூட ஆளைப் பிடித்துத் தருவார்கள். 111க்கு எடுத்தாலும் அப்படித்தான்: 'இன்டர்பிரிட்டர்', 'தமிழ்' என்ற இரண்டு சொல். அந்த இரண்டு சொல்லை எங்கட வீடுகளில் பிரிட்ஜ் கதவில் ஒட்டவேணும்.

மொழிபெயர்ப்பாளர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீங்கோ. எங்கட ஆக்கள் 'சத்தி' என்றால் சென்னையில் இருந்து வந்தவருக்கு அது வாந்தி என்று பிடிபட ஒரு நிமிஷம் எடுக்கும். 'தடிமன்' என்றால் பிள்ளை குண்டோ என்று கேட்டவரும் இருக்கிறார். 'வயித்தாலை போகுது', 'உள்காய்ச்சல்', 'நெஞ்சு இழுக்குது' எல்லாத்துக்கும் இப்படி ஒரு கதை இருக்கும். அதிலும் 'உள்காய்ச்சல்' வலு கஷ்டம். தேர்மோமீற்றரில் காய்ச்சல் இல்லையென்றால் டொக்டரைப் பொறுத்தவரை காய்ச்சல் இல்லை. அம்மாவைப் பொறுத்தவரை பிள்ளை வழமையாக இல்லை. இரண்டாவது வசனத்தைத்தான் நாங்கள் இங்கிலிஷில் கொண்டுபோய்க் கொடுக்க வேணும்: 'இவன் வழமையாக இப்படி இருக்க மாட்டான்.' பெற்றோருக்குத் தெரிந்த, டொக்டருக்குத் தெரிய வழியில்லாத ஒரேயொரு தகவல் அது.

தோலைப் பற்றியும் சொல்லவேணும். பிள்ளை வெளிறிப் போச்சா, நீலமாகுதா, சிவந்த புள்ளி இருக்கா என்று போனில் கேட்பார்கள். வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதின கேள்விகள். எங்கட பிள்ளைகளின் தோலில் அது அப்படித் தெரியாது. உதடு, நாக்கு, முரசு, உள்ளங்கை, உள்ளங்கால், கண் இமையின் உட்பக்கம், அங்கேதான் பார்க்க வேணும். மெனிஞ்சைற்றிஸ் புள்ளிகளும் அப்படித்தான். அவை வரும் வரைக்கும் காத்திருக்கவும் கூடாது. விரலில் மாட்டி ஒக்ஸிசன் பார்க்கிற கருவியும் கறுத்த தோலில் உள்ளதை விடக் கூடுதலாகக் காட்டக்கூடும். 2020இல் லண்டனில் மலோன் முக்வெண்டே என்ற கறுப்பின மருத்துவ மாணவர், வகுப்பில் காட்டுகிற படமெல்லாம் வெள்ளைத் தோலாகவே இருக்கு என்று கேட்டு, தன் ஆசிரியர்களோடு சேர்ந்து கறுத்த, மாநிறத் தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று ஒரு கைநூலே உருவாக்கினார். பேராசிரியர்கள் கேட்காமல் விட்ட கேள்வியை ஒரு மாணவர் கேட்டார். (பெற்றோர் இருக்கிற ஆக்களுக்கு ஒன்று: மூன்று மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 38 பாகை காய்ச்சல் என்றால் கல்போலோடு காத்திருக்க வேண்டாம், உடனே 111 அல்லது ஜீபி.)

இனிக் காசும் பேப்பரும். எங்கட சமூகத்தில் இதைச் சத்தமாகக் கதைக்க மாட்டார்கள், ஏனென்றால் விசா இல்லாத ஆள் எங்கட வீட்டில் இல்லை என்று காட்டவேணும். இருக்கினம். கேஸ் றிஜெக்ட் ஆகி நிற்கிற குடும்பங்கள் இருக்கினம்.

1948 ஜூலை 5இல் இந்தச் சேவை தொடங்கினபோது யாரிடமும் பேப்பர் கேட்கவில்லை. வெளிநாட்டுக்காரரும் இலவசமாகப் பார்க்கிறார்கள் என்ற கூச்சல் அப்பவே இருந்தது. அதைத் தொடக்கி வைத்த அமைச்சர் அனைரின் பெவன் அதற்கு என்ன சொன்னார் என்றால், வெளிநாட்டுக்காரரைப் பிரித்துப் பிடிக்க வேணுமென்றால் எல்லாரும் அடையாள அட்டை கொண்டு திரியவேணும், அது எல்லாருக்கும் தொல்லை என்றார். இதே பெவன்தான் 1951இல் பல்லுக்கும் கண்ணாடிக்கும் காசு வாங்கப் போகிறார்கள் என்று பதவியை விட்டவர். 1949இலேயே வெளியாரிடம் அறவிடச் சட்டத்தில் இடம் வைத்துவிட்டார்கள். ஆனால் அதற்கான ஒழுங்குவிதி 1982இல், தச்சர் காலத்தில்தான் வந்தது. 2015இல் விசா விண்ணப்பத்தோடு சுகாதாரக் கட்டணம் என்று வருஷத்துக்கு 200 பவுண்ஸ். இப்ப பெரியவருக்கு 1,035, பிள்ளைக்கு 776. அம்மா, அப்பா, இரண்டு பிள்ளை, இரண்டரை வருஷ விசா: 9,055 பவுண்ஸ், விசாக் கட்டணம் வேறு. அவர்கள் வேலை செய்து வரியும் கட்டுகிறார்கள். ஒரே டொக்டருக்கு இரண்டு தரம் காசு.

2017இல் இங்கிலாந்தில் இன்னும் இறுக்கினார்கள். தகுதியில்லாதவர் என்று சொல்லப்படுகிறவருக்கு, அவசரமில்லாத ஆஸ்பத்திரி வைத்தியத்துக்கு முன்கூட்டியே காசு, அதுவும் செலவின் ஒன்றரை மடங்கு. பிள்ளை என்ற ஒரே காரணத்துக்காக விலக்கு இல்லை. 500 பவுண்ஸ் அல்லது அதற்கு மேல் கடன் இரண்டு மாதம் கட்டாமல் நின்றால் அது ஹோம் ஒபிசுக்குப் போகலாம், அடுத்த விசாவை அதைக் காட்டியே மறுக்கலாம். அதே வருஷம் நோயாளிகளின் விலாசங்களை ஹோம் ஒபிசுக்குக் கொடுக்கிற ஒப்பந்தமும் நடைமுறைக்கு வந்தது. டொக்டர்களும் இயக்கங்களும் நின்று சண்டை பிடித்து, வழக்குப் போட்டு, 2018இல் அதை நிறுத்தினார்கள். ஒப்பந்தம் போய்விட்டது. பயம் போகவில்லை. "ஜீபியில் பதிஞ்சால் பிடிச்சுக் குடுத்துடுவாங்கள்" என்று இன்னமும் கடையில், கோயிலில் கதைக்கினம்.

ஆகவே இதைத் தெளிவாகச் சொல்லவேணும், நீங்களும் போய்ச் சொல்லவேணும். ஜீபி பார்க்கிறது எந்த விசாவுக்கும், விசாவே இல்லாதவருக்கும் இலவசம். ஏ அன்ட் ஈயில் பார்க்கிறதும் இலவசம். வார்டில் அனுமதித்த பிறகுதான் கட்டணக் கேள்வி வரும். அப்பவும் அவசர வைத்தியத்தைக் காசு இல்லை என்று நிறுத்தக்கூடாது, ஆனால் பில் பிறகு வரலாம். அகதி விண்ணப்பம் நடந்துகொண்டிருந்தால் ஆஸ்பத்திரியும் இலவசம். ஜீபியில் பதிய பாஸ்போட்டோ விலாச அத்தாட்சியோ கட்டாயமில்லை. மறுத்தால் காரணத்தை 14 நாளுக்குள் எழுத்தில் தரவேணும். எழுத்தில் தாங்கோ என்று ஒருவர் கேட்டவுடனேயே பல இடங்களில் போம் தானாக வெளியில் வரும், நான் பார்த்திருக்கிறேன்.

கதவுக்குள் போன பிறகும் கதை முடிவதில்லை. மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுப் பிள்ளை 2021இல் தென் லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் கிருமி இரத்தத்தில் பரவி இறந்தாள். பெற்றோர் இருவரும் பத்திரிகைத் துறையில் இருப்பவர்கள். ஏதோ பிழை என்று தாய் திரும்பத் திரும்பச் சொல்லியும் கேட்கவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு நேரத்தோடு மாற்றியிருந்தால் பெரும்பாலும் தப்பியிருப்பாள் என்று மரண விசாரணையில் முடிவானது. அந்தத் தாய் மெரோப் மில்ஸ் விடாமல் எழுதினார், கதைத்தார். 2024இல் இருந்து இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் 'மார்த்தா விதி' நடைமுறைக்கு வந்தது: பிள்ளையின் நிலை மோசமாகுது என்று பெற்றோருக்குப் பட்டால் இன்னொரு குழுவை உடனடியாகப் பார்க்கச் சொல்லி நேரடியாகக் கேட்கலாம், இரவு பகல் எந்த நேரமும். முதலில் 143 ஆஸ்பத்திரிகளில் தொடங்கினார்கள்.

நல்ல விஷயம். அந்த அம்மாவுக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் யோசியுங்கோ, நாட்டின் பெரிய பத்திரிகை ஒன்றில் ஆசிரியராக இருக்கிற தாயின் பேச்சே எடுபடவில்லை. வார்டு சுவரில் ஒட்டியிருக்கிற அந்த நம்பருக்கு இரவு மூன்று மணிக்கு எங்கட அம்மா எடுப்பாவா? 2009 தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரிக்குச் செல் அடித்த நேரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடின ஒரு தாய், வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் 'எனக்கு உங்கட முடிவில் நம்பிக்கை இல்லை, வேற ஆளைக் கூப்பிடுங்கோ' என்று சொல்லுவாவா? டொக்டரை மதித்துப் பழகின ஆக்கள் நாங்கள். யாழ்ப்பாணத்தில் அரசாங்க ஆஸ்பத்திரி ஓபீடீயில் காலமை போய்த் துண்டு எடுத்தால், எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் முறை வரும். வருத்தம் பெரிசு என்று யாருக்கும் நிரூபிக்கத் தேவையில்லை. இங்கே உரிமை இருக்கு, அதைக் கேட்டு வாங்க ஒரு தனித் திறமை வேணும். அந்தத் திறமை இந்த அறையில் இருக்கிற உங்களிடம் குவிந்து கிடக்குது.

இதைச் சொன்னால் ஒரு தோழர் போன கிழமை என்னிடம் கேட்டார், "அக்கா, இது சமூக சேவை தானே, எங்கட அரசியல் எங்க?" கேள்வி நியாயமானது. உதவி செய்து உதவி செய்தே களைத்துப்போய், அரசாங்கம் செய்யவேண்டியதைத் தங்கட தலையில் போட்டுக்கொண்ட சங்கங்கள் எங்களுக்குள்ளேயே நிறைய. ஆனாலும் எனக்கு அந்தப் பிரிப்பில் நம்பிக்கையில்லை. கட்டணத்தை ஒழிக்கவேணும் என்று பாதாகை பிடிக்கிறவர், பில் வந்த ஒரு குடும்பத்தோடு ஒருநாளாவது கட்டண அலுவலகத்துக்குப் போயிருக்க வேணும். இல்லாவிட்டால் அந்தக் குடும்பம் ஏன் எங்கட பாதாகைக்குப் பின்னால் வரவேணும்? 'டொக்ஸ் நொட் கொப்ஸ்' டொக்டர்களும் நேர்ஸ்மாரும் இந்தக் கட்டணத்துக்கு எதிர்ப்பைக் கட்டினார்கள். ஜீபி நிலையங்கள் பேப்பர் கேட்காமல் பதிவதாக உறுதியளிக்கிற 'சேஃப் சேர்ஜரீஸ்' திட்டத்தை 'டொக்டர்ஸ் ஒவ் த வேர்ல்ட்' தொடங்கியது. எங்கட பகுதியில் எந்த நிலையம் அதில் இருக்கு, எது இல்லை என்று ஒரு பட்டியல்கூட எங்களிடம் இல்லை. இல்லாத இடத்துக்குப் போய்க் கேட்கலாம். அங்கே வேலை செய்கிற எங்கட அக்காமாரையும் யூனியனில் சேர்த்துக்கொண்டு கேட்கலாம்.

உடனடியாகச் செய்யக்கூடியது, ஒரு போன் வரிசை. காலமை ஏழரையில் இருந்து பத்து மணி வரை, ஒவ்வொரு நாளும் இரண்டு பேர். ஒரு தாய் எடுத்தால் மூன்று பேர் சேர்ந்த அழைப்பில் ஜீபியோடு கதைக்கிறது. இன்டர்பிரிட்டரைக் கேட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு விலகுகிறது. நாங்களே வைத்தியம் சொல்லப் போகக்கூடாது, நாங்களே நிரந்தர மொழிபெயர்ப்பாளராகவும் மாறக்கூடாது. எங்கே மறுத்தார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்று திகதியோடு எழுதி வைக்கவேணும். பேர், விலாசம் எழுதக்கூடாது, அதில் வலு கவனம். மூன்று மாதத்து மறுப்புகளை ஒன்றாக அடுக்கினால் அதை வைத்து உள்ளூராட்சிச் சபையிலும் சுகாதாரச் சபையிலும் கதைக்கலாம்.

ஒரு தாள் பின் வரிசையில் இருந்து சுற்றி வருகிறது. பேர், எந்த நாள் காலமை ஏலும், எந்தப் பகுதி. திங்கட்கிழமைக்கு இன்னும் ஒருவரும் எழுதவில்லை, வாரக் கடைசிக்குப் பிறகு ஆகக் கூடுதலாக அழைப்பு வாறது அண்டைக்குத்தான். தாளைத் தந்துவிட்டுக் கேள்விகளைக் கேளுங்கோ.